நேச்சுரல் ஒயின்: கலங்கலா இருந்தா ஒரிஜினலா, கெட்டுப்போனதா?

பெர்லின்_பாண்டி

மக்களே, ஒயின் பத்தி தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்தா கொஞ்சம் சொல்லுங்க. நான் இருக்குற பக்கம் எங்க திரும்புனாலும் நேச்சுரல் ஒயின் (பெருசா எதுவும் சேக்காம செய்யுறதாம்) கடைதான், சரி அப்படி என்னதான் இருக்குனு பாத்துருவோம்னு ரெண்டு பாட்டில் வாங்கிட்டு வந்தேன். ஒன்னு ஜார்ஜியாவுல இருந்து, ர்கட்சிதெலினு ஏதோ வெள்ளை திராட்சையாம், ஆனா கிளாஸ்ல ஊத்துனா வெள்ளையும் இல்ல சிவப்பும் இல்ல, டிகாக்‌ஷன் கலரு, அடியில மண்டி, வாயில வச்சா ஈறெல்லாம் இழுத்துப் பிடிக்குற துவர்ப்பு. முதல் கிளாஸ் முகம் சுளிச்சுக்கிட்டே குடிச்சேன், மூணாவதுல பிடிச்சுப் போச்சு, அது வேற கதை.

ரெண்டாவது பாட்டில்தான் பிரச்சனை. பிரான்ஸ் சிவப்பு ஒயின், லேபிள்ல எல்கேஜி பிள்ள கிறுக்குன படம், ஒயின் கெடாம இருக்கப் போடுற சல்ஃபைட் துளிகூட சேக்கலைனு கடைக்காரர் பெருமையா எடுத்துக் குடுத்தாரு. மோந்து பாத்தா அருமையா செர்ரி வாசம், வாயில இருக்குற வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு, முழுங்கி கொஞ்ச நேரங்கழிச்சு தொண்டைக்குப் பின்னாடி இருந்து எலிக்கூண்டு நாத்தம் ஒன்னு ஏறி வந்துச்சு பாருங்க, தண்ணி குடிச்சாலும் போகல. 28 யூரோ அது! திருப்பி எடுத்துட்டுப் போய்க் கேட்டா "அதான் இதோட கேரக்டரே, உங்களுக்குப் பழகல"ங்குறாரு.

ரெண்டும் கலங்கல், ரெண்டும் இயற்கைங்குறாங்க, இதுல எதைக் கெட்டதுன்னு ஒதுக்குறது எதைப் பழகிக்கறது? அப்புறம் சல்ஃபைட் இல்லன்னா மறுநாள் தலைவலி வராதாமே, நெசமா? காசு குடுத்து புளிச்ச தண்ணி வாங்கிட்டு வர்றீங்களேனு வீட்டுல கேக்குறா, பதில் சொல்ல முடியல.

சும்மா_எட்டிப்பாத்தேன்

28 யூரோவுக்கு எலி நாத்தமா, தெய்வமே. பேசாம லீவுக்கு வரும்போது பாலக்காட்டுப் பக்கம் ஒரு கள்ளுக்கடைக்குப் போங்க, இதை விட இயற்கை எதுவும் இல்ல. நம்ம ஊர்லதான் மரத்துல இருந்து எறக்கவே விட மாட்டேங்குறாங்க.

திபிலிசி_மருந்து

பாண்டி அண்ணே, முதல் பாட்டில் கெட்டுப்போகல, அது அப்படித்தான் இருக்கணும். நான் இங்க ஜார்ஜியாவுக்கு எம்பிபிஎஸ் படிக்க வந்தவன், படிப்பு முடிஞ்சும் இங்கயே ஒட்டிக்கிட்டேன், கூடப் படிச்சவன் ஒருத்தன் கிழக்குப் பக்கம் கக்கேத்திக்காரன், அவங்க தாத்தா வீட்டுல வருஷா வருஷம் செப்டம்பர் அக்டோபர்ல திராட்சை பறிக்க எங்களையும் கூட்டிட்டுப் போவான். ர்த்வெலினு சொல்லுவாங்க அந்த அறுவடையை. அதனால பாத்ததைச் சொல்றேன்.

வழக்கமான வெள்ளை ஒயின்ல என்ன பண்றாங்க, திராட்சையை நசுக்கி சாறை மட்டும் பிரிச்சு நொதிக்க விடுறாங்க, தோலு வெளிய போயிடும். கக்கேத்தில அப்படி இல்ல, சாறு தோலு விதை, சில சமயம் பழுத்த காம்பு வரைக்கும் எல்லாத்தையும் க்வெவ்ரிக்குள்ள போட்டுருவாங்க. க்வெவ்ரினா கழுத்து வரைக்கும் மண்ணுக்குள்ள புதைச்சு வச்ச பெரிய தாழி, அடி குறுகலா முட்டை வடிவுல இருக்கும், உள்பக்கம் தேன்மெழுகு பூசியிருக்கும். ஈஸ்ட் பாக்கெட் எதுவும் கிடையாது, திராட்சைத் தோல்லயும் அந்த மரானிக்குள்ளயும் (மரானினா ஒயின் வைக்கிற அறை) இருக்குற ஈஸ்ட்டே வேலையை ஆரம்பிச்சிரும். நொதிக்கிறப்ப தோலெல்லாம் மேல மிதந்து கட்டியா நிக்கும், அது காஞ்சா புளிச்சு வினிகர் ஆயிரும்னு ஒரு நாளைக்குப் பல தடவை நீளக் கட்டையால உள்ள அழுத்தி விடணும், ராத்திரியிலயும் எந்திரிக்கணும். நான் ஒரு ராத்திரி செஞ்சேன், மேல குனிஞ்சு நின்னா கார்பன் டை ஆக்சைடு மூஞ்சில அடிச்சு கண்ணுல தண்ணி வந்துருச்சு, தாத்தா தோளைப் பிடிச்சுப் பின்னாடி இழுத்துட்டு ஜார்ஜியன்ல நல்லா திட்டுனாரு.

நொதிச்சு முடிஞ்சதும் விதை முதல்ல அடிக்குப் போயிடும், அதுக்கு மேல தோலு படியும், அடி குறுகலா இருக்குறதால விதை ஒயினை அதிகம் தொடாது, தொட்டா கசப்பு தூக்கலா ஆயிரும். அப்புறம் மூடி போட்டு களிமண்ணு வச்சு அடைச்சுட்டா வசந்த காலம் வரைக்கும் யாரும் கைய வைக்கிறதில்ல, அஞ்சாறு மாசம். அந்த அஞ்சாறு மாசத்துலதான் தோல்ல இருந்து நீங்க சொன்ன கலரும் துவர்ப்பும் எறங்குது. வடிகட்டாம பாட்டில் பண்ணா அடியில மண்டி நிக்கத்தான் செய்யும், ஒரு நாள் நேரா நிக்க வச்சு மெதுவா ஊத்துங்க. இன்னொன்னு, ஃபிரிட்ஜ்ல இருந்து எடுத்தவுடனே குடிச்சிருப்பீங்க, சில்லுனு இருந்தா துவர்ப்பு மட்டுந்தான் தெரியும், அரை மணி நேரம் வெளிய வச்சுக் குடிங்க.

துவர்ப்பே வேணாம்னா மேற்கு பக்கம் இமெரெத்தி ஒயின் தேடுங்க. அங்க தாழிக்கே பேரு வேற, சுரினு சொல்லுவாங்க, தோலு கொஞ்சமாத்தான் போடுவாங்க, த்சோலிகௌரி, த்சித்ஸ்கானு அவங்க ஊர் திராட்சை, லேசா இருக்கும்.

ஒன்னு புரிஞ்சுக்கணும், இங்க தாழி ஒயின் வீட்டு விஷயம், விக்கிற விஷயம் இல்ல. சோவியத் காலத்துல ஃபேக்டரிக்குத் தேவை டன் கணக்குல திராட்சை, அதுவும் ர்கட்சிதெலியும் சபெராவியும் போதும்னுட்டாங்க, ஐநூறுக்கு மேல ரகம் இருந்த நாட்டுல. 1985ல கோர்பச்சேவ் மதுவுக்கு எதிரா இறங்குனப்ப தோட்டத்தையே வெட்டிப் போட்டாங்க. ஆனா வீட்டுக்குனு கொல்லைல நாலு வரிசை கொடியும் ஒரு தாழியும் எல்லாரும் வச்சிருந்தாங்க, ரகமும் பழக்கமும் பொழச்சது அதனாலதான். 2006ல ரஷ்யா ஜார்ஜிய ஒயினை உள்ள விடலைனு தடை போட்டுச்சு, 2013 வரைக்கும் அது நீடிச்சுது, அப்பதான் வேற நாட்டு ஆளுங்க குடிக்கிற மாதிரி என்ன செய்யலாம்னு யோசிக்க ஆரம்பிச்சாங்க. சிக்னாகில ஃபெசன்ட்ஸ் டியர்ஸ்னு ஒரு ஒயின் கம்பெனி 2007ல ஆரம்பிச்சது, ஜான் வுர்டிமன்னு ஒரு அமெரிக்க ஓவியரும் கேலா பட்டலிஷ்விலின்னு உள்ளூர் ஆளும் சேந்து. சர்தாகி கிராமத்துல இயாகோ பிதாரிஷ்விலி ச்சினூரினு ஒரே திராட்சைய வச்சுப் பேர் வாங்கினாரு. அதே 2013ல யுனெஸ்கோ பட்டியல்லயும் இந்தத் தாழி முறை ஏறிடுச்சு. இருந்தாலும் நாட்டோட மொத்த ஒயின்ல தாழி ஒயின் சின்னப் பங்குதான், சூப்பர்மார்க்கெட்ல இருக்குறதெல்லாம் எஃகுத் தொட்டி சரக்கு, ஜார்ஜியானு போட்டிருந்தா எல்லாம் தாழி ஒயின்னு நெனச்சுராதீங்க. எட்டாயிரம் வருஷப் பாரம்பரியம்னு வேற எல்லா லேபிள்லயும் அடிச்சிருப்பான், அதுவும் எஃகுத் தொட்டி ஒயின் பாட்டில்லயே இருக்கும்.

ரெண்டாவது பாட்டில் பத்தி எனக்குத் தெரியாது, பிரான்ஸ் ஆளுங்க சொல்லட்டும்.

லாச்சப்பல்_ராசன்

தம்பி பாண்டி, அந்தக் கடைக்காரன் உங்களுக்கு நல்லாக் கதை விட்டிருக்கிறான். நான் பாரிசில ஒரு வைன் பாரிண்ட குசினியில கனகாலமா வேலை, உந்த இயற்கை வைன் மட்டும்தான் எங்கட இடத்தில ஊத்துறது, உந்த எலி மணத்துக்கு இஞ்ச பேரே சூரி எண்டுதான், பிரெஞ்சில எலி. அது கேரக்டர் இல்லை, பழுது. எங்கட முதலாளி வாற ஒவ்வொரு பெட்டியிலயும் ஒரு போத்தல் திறந்து பாப்பார், சூரி எண்டால் பெட்டியோட திருப்பி அனுப்புறதுதான்.

மூக்கில தெரியாம விழுங்கினாப் பிறகு தெரிஞ்சது எண்டு சொன்னீங்கள் பாருங்கோ, அதுதான் அடையாளம். வைன் புளிப்புக் கூடினது, அந்தப் புளிப்பில உந்த மணம் எழும்பாது, வாயில எச்சிலோட சேந்து புளிப்புக் குறைஞ்ச உடனதான் வெளியில வரும். சோதிச்சுப் பாக்கிறதெண்டால் புறங்கையில ஒரு சொட்டு விட்டுத் தேய்ச்சுப்போட்டு மணந்து பாருங்கோ, கனதரம் அதிலயே பிடிபடும். சிலருக்கு அது மருந்துக்கும் தெரியாது, அந்தக் கடைக்காரனும் அப்பிடி ஒரு ஆளாயும் இருக்கலாம், அப்பிடியெண்டால் ஆள் பொய் சொல்லேல்லை. ஆனா வைன் விக்கிறவனுக்கு அது தெரியாட்டி, தெரிஞ்ச ஒருத்தரைப் பக்கத்தில வைச்சிருக்க வேணும். திறந்து வைச்சுப் பாத்தால் நேரம் போகப் போக இன்னும் கூடும், காத்துப் பட்டாப் போயிடும் எண்டு சொன்னாலும் நம்பாதேங்கோ.

உந்த சல்ஃபைட் இல்லாத வைன் எங்கயிருந்து தொடங்கினது எண்டு தெரிஞ்சால் உங்களுக்கு விளங்கும். பிரான்சில பொஜோலே பக்கம் ஜூல் ஷோவே எண்டு ஒருத்தர், 1907 இல பிறந்து 1989 இல செத்தவர், வைன் வியாபாரி, அதோட ரசாயனம் படிச்ச ஆள். அவற்ற ஊர் லா சப்பேல் த கான்சே, பாரிசில எங்கட மரக்கறிக்கடையள் இருக்கிற லாச்சப்பல் இல்லை, அது வேற. அந்த மனிசன் நுணுக்குக்காட்டியோட இருந்து ஈஸ்டை ஆராய்ஞ்சவர், வைனில ஒண்டும் சேர்க்காமச் செய்ய வேணுமெண்டால் முந்திரிகை (திராட்சைதான்) பழுதில்லாமல் இருக்க வேணும், தொட்டி சுத்தமா இருக்க வேணும், குளிர்ச்சியா வைச்சிருக்க வேணும் எண்டதில கறார். அவரிட்ட இருந்து பழகினவர்தான் மார்செல் லாப்பியேர், வில்லியே மோர்கோன் காரர், 2010 இல காலமானார். ழான் ஃபொய்யார், கீ பிரெத்தோன், ழான் போல் தெவனே எண்டு பக்கத்துக் கூட்டாளிமாரும் அதே வழி. அந்த நேரம் பொஜோலே எண்டால் நவம்பரில வாற நூவோ, அவசரமாச் செய்து அவசரமா விக்கிற சரக்கு, பொதி ஈஸ்டும் சீனியும் போட்டு. இவையள் அதுக்கு எதிர்ப்பக்கம் போனவை, பழைய கொடி, கையால பறிக்கிறது, அழுகினதை ஒவ்வொண்டாத் தெரிஞ்செடுத்து எறியிறது, முழுக்குலையா நசுக்காமல் தொட்டியில போடுறது.

லாப்பியேர் வீட்டு மோர்கோன் வைன் ரெண்டு விதமா வாறது, பின்பக்க லேபிளில சின்னதா என் எண்டு இருந்தால் சல்ஃபைட் சேர்க்காதது, எஸ் எண்டால் போத்தலில அடைக்கேக்க கொஞ்சம் சேர்த்தது. இயற்கை வைனுக்கே தகப்பன் மாதிரி ஆக்களே தூரப் பயணம் போற போத்தலுக்குக் கொஞ்சம் போடுறதில பிழை இல்லை எண்டு நினைச்சிருக்கினம். இப்ப புதுசா வந்த கொஞ்சப் பேர்தான் சைபர் எண்டு விரதம் பிடிக்கினம், அழுகினதைத் தெரிஞ்செறிய ஆளும் இல்லை, குளிர் அறையும் இல்லை, பிறகு சூரி வந்தால் கேரக்டர் எண்டு சொல்லுவினம். எனக்கு உதில சரியான கோவம்.

ஈஸ்ட்_அக்கா

ராசன் அண்ணா சொன்ன எலி வாசத்துக்கு ஒரு சேர்க்கை. லாக்டிக் பாக்டீரியாவும் பிரெட்டனோமைசிஸ்னு ஒரு ஈஸ்ட்டும் உண்டாக்குற மூணு சேர்மம் இருக்கு, அதுல ஒன்னு 2-அசிட்டைல் பைரோலின். பாஸ்மதி அரிசி வாசமும் ரம்பை இலை வாசமும் அதேதான். பிரியாணில வந்தா ஆஹா, ஒயின்ல மத்த ரெண்டோட சேந்து வந்தா உவ்வே. நான் ஃபுட் மைக்ரோபயாலஜி, ஒயின் ஃபேக்டரி ஆள் இல்ல, ஆனா நொதிக்கிற சாமானோடதான் தினமும் மல்லுக்கட்டுறேன்.

சல்ஃபைட் தலைவலி கதைக்கு வரேன், இதைப் படிச்சுப் படிச்சு எனக்கே தலைவலி. சல்ஃபைட்தான் ஒயின் தலைவலிக்குக் காரணம்ங்குறதுக்கு உருப்படியான ஆதாரம் இல்ல. ஆஸ்துமா இருக்குறவங்க சிலருக்கு மூச்சுத் திணறல் வரலாம், அது உண்மை, அவங்க கவனமா இருக்கணும். ஐரோப்பாவுல சாதா சிவப்பு ஒயினுக்கு லிட்டருக்கு 150 மில்லிகிராம், வெள்ளைக்கு 200 வரைக்கும் அனுமதி, ஆர்கானிக்னா 100, 150. பளபளன்னு ஆரஞ்சு கலர்ல காய்ஞ்ச ஆப்ரிகாட் விக்கிறாங்களே, அதுக்குக் கிலோவுக்கு 2000 மில்லிகிராம் வரைக்கும் அனுமதி இருக்கு, அதைத் தின்னுட்டு யாரும் தலைவலின்னு சொன்னதில்ல. ஒன்னுமே சேக்காட்டியும் ஈஸ்ட்டே கொஞ்சம் சல்ஃபைட் உண்டாக்கும், லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல போனா "சல்ஃபைட் உள்ளது"ன்னு லேபிள்ல போட்டே ஆகணும், அதனால நேச்சுரல் பாட்டில்லயும் அந்த வரி இருக்கும், ஏமாத்திட்டாங்கன்னு நெனைக்க வேணாம்.

இன்னும் சொல்லப்போனா சல்ஃபைட் இல்லாம பாக்டீரியா இஷ்டத்துக்கு வளந்த ஒயின்ல ஹிஸ்டமின் அதிகமா இருக்க வாய்ப்பு உண்டு, சிலருக்கு அதுவே தலைவலி. 2023ல கலிஃபோர்னியா டேவிஸ் பல்கலைக்கழகத்துல இருந்து குவெர்செட்டின்தான் காரணமா இருக்கலாம்னு ஒரு கட்டுரை வந்துச்சு, திராட்சைத் தோல்ல இருக்குற பொருள் அது, வெயில் நல்லா பட்டா கூடும். அதுவும் இன்னும் ஊகந்தான். எல்லாத்துக்கும் முன்னாடி ஆல்கஹால்னு ஒன்னு இருக்கு, மூணு கிளாஸ் குடிச்சுட்டு சல்ஃபைட்டைத் தேடுனா எப்படி பாண்டி?

கள்ளு பத்திச் சொன்ன தம்பிக்கு: அதுலயும் தானா வர்ற ஈஸ்ட், தானா வர்ற பாக்டீரியாதான், ஆனா அது அன்னைக்கே குடிச்சு முடிக்கிற சரக்கு, காலைல இருந்த இனிப்பு சாயங்காலம் இருக்காது. ஒயினை வருஷக்கணக்குல வச்சுக் கண்டம் விட்டுக் கண்டம் அனுப்பணும், அங்கதான் சிக்கல்.

திபிலிசி தம்பி சொன்ன எட்டாயிரம் வருஷ லேபிளுக்கும் ஒரு வார்த்தை. 2017ல ஜார்ஜியாவுல கதச்ரிலி கோரா, ஷுலவெரிஸ் கோரானு ரெண்டு பழைய ஊர்ல தோண்டி எடுத்த பானைச் சில்லுல திராட்சை ஒயினோட அடையாளம் கெடச்சது, கி.மு. 6000 வாக்குல உள்ளது, அது பலமான ஆதாரம். ஒயின் இருந்துச்சுன்னு அதுல தெரியுது. இன்னைக்கு இருக்குற மாதிரி மண்ணுல புதைச்ச தாழிலதான் வச்சாங்கன்னு அதுல தெரியல, ரெண்டையும் ஒன்னாக் கட்டி விக்கிறது சுற்றுலாத்துறை வேலை.

திபிலிசி_மருந்து

ஹா ஹா, அக்கா, இதை எங்க தாத்தாகிட்ட வந்து சொல்லுங்க, ஒயினே ஊத்தாம அனுப்பிருவாரு.

ஆனா சுத்தம் பத்தி ராசன் அண்ணா சொன்னது நூத்துக்கு நூறு. தாழில ஒயின் செய்யுறதுல பாதி வேலை தாழி கழுவுறதுதான். செர்ரி மரப்பட்டையை அடுக்கடுக்கா வச்சு நீளக் கம்புல கட்டுன தேய்ப்பான் ஒன்னு வச்சிருப்பாங்க, பெரிய தாழின்னா ஆளே உள்ள இறங்கிருவான், சுண்ணாம்புத் தண்ணி, சாம்பல், திரும்பத் திரும்ப நல்ல தண்ணி, வெளிய எடுக்குற தண்ணி குடிக்கிற மாதிரி தெளியுற வரைக்கும் விட மாட்டாங்க. கடைசில கந்தகத் திரி கொளுத்தி உள்ள விடுறவங்களும் நெறய. மண்ணுக்குள்ள புதைச்சதைத் தூக்கி வெயில்ல காய வைக்க முடியாது பாருங்க, போன வருஷ கசடு கொஞ்சம் தங்குனாலும் இந்த வருஷம் மொத்தமும் வினிகர்தான். ரோட்டோரம் கோலா பாட்டில்ல ஊத்தி விக்கிற வீட்டு ஒயினும் இயற்கைதான், அதுல பாதிக்கு மேல நான் வாயில வைக்க மாட்டேன்.

பெர்லின்_பாண்டி

எல்லாருக்கும் நன்றி. மீதி இருந்த பாட்டில் கிச்சன்லயே கெடந்துச்சு, புறங்கையில தேச்சு மோந்து பாத்தேன், அய்யோ சாமி, அதே எலி. வீட்டம்மாகிட்ட நீட்டுனா ஒன்னுமே தெரியலங்குறா! ஆளாளுக்கு மாறும்னு ராசன் அண்ணன் சொன்னது கண்ணு முன்னாடி நடக்குது.

இனிமே கடைக்குப் போனா என்ன கேட்டு வாங்குறது? 28 யூரோ எல்லாம் அடிக்கடி முடியாது. சனிக்கிழமை நண்டு மசாலா பண்றோம், ஃப்ரெண்ட்ஸ் வர்றாங்க.

ஈஸ்ட்_அக்கா

நேச்சுரல்ங்குற வார்த்தைக்கு ரொம்ப நாளா சட்டத்துல அர்த்தமே இல்ல, யார் வேணாலும் சொல்லிக்கலாம். பிரான்ஸ்ல மட்டும் 2020ல வான் மெத்தோட் நத்யூர்னு ஒரு முத்திரை வந்துச்சு: ஆர்கானிக் திராட்சை, கையால பறிச்சது, தானா வர்ற ஈஸ்ட், சல்ஃபைட் ஒன்னுமே சேக்காததுக்கு ஒரு லோகோ, 30 மில்லிகிராமுக்குள்ள இருக்குறதுக்கு இன்னொரு லோகோ. மத்தபடி 2023 டிசம்பர் 8க்கு அப்புறம் செஞ்ச ஒயினுக்கு ஐரோப்பாவுல சேர்மானப் பட்டியல் கட்டாயம், பாட்டில்லயே இல்லன்னா கியூஆர் கோடு இருக்கும், ஸ்கேன் பண்ணிப் பாருங்க. திராட்சை, சல்ஃபைட்னு ரெண்டே வரி இருந்தா ஓரளவு நம்பலாம்.

லாச்சப்பல்_ராசன்

லோகோ பாத்து வாங்குறது சரி, ஆனா சின்னச் சின்ன ஆக்கள் கனபேர் அந்த முத்திரைக்கே போறேல்லை, கடைக்காரன்தான் முக்கியம். போய் முதலாவதாக் கேளுங்கோ, சூரி எண்டால் மாத்தித் தருவியோ எண்டு. ஓம் எண்டு சொல்லுற கடையில வாங்குங்கோ. ரெண்டாவது, சல்ஃபைட் இல்லாத போத்தலை வெயில் படுற ஷோகேசில அடுக்கி வைச்சிருந்தால் திரும்பி வாங்கோ, 14 டிகிரிக்கு மேல வைக்காதேங்கோ எண்டு சில போத்தலில எழுதியே இருக்கும்.

காசு குறைவா வேணுமெண்டால் சிலி பக்கம் பாருங்கோ. இத்தாத்தா, மௌலே எண்டு தெற்கில ரெண்டு இடம், பைஸ் எண்டு ஸ்பெயின்காரர் கொண்டுபோன பழைய முந்திரிகை, தண்ணி பாய்ச்சாமல் நிக்கிற கிழட்டுக் கொடியள். பெரிய கொம்பனியள் அதை அடிமாட்டு விலைக்கு வாங்கித் தங்கட மலிவு வைனில கலந்து விட்டதுதான் முந்தி நடந்தது, இப்ப சின்ன விவசாயியள் தாங்களே பிப்பேஞ்ஞோ எண்டு லிட்டர்ப் போத்தலில அடைச்சு விடுகினம். எங்கட பாரில கிளாசுக்கு ஊத்துறதில விலை குறைஞ்சது உதுதான், கொஞ்சம் குளிர வைச்சுக் குடிச்சால் நல்லா இருக்கும்.

நண்டுக்கு அந்த ஜோர்ஜியா வைனை மட்டும் எடுக்காதேங்கோ. துவர்ப்பும் உறைப்பும் சேந்தால் வாய் எரிஞ்சு போகும், எங்கட குசினியில நண்டுக் கறியோட வைச்சுப் பாத்திருக்கிறம், ஒருத்தரும் ரெண்டாவது மிடறு குடிக்கேல்லை. பெத்-நா வாங்குங்கோ, நொதிச்சு முடிய முதலே போத்தலில அடைச்சு மீதி போத்தலுக்குள்ள நொதிக்கிறது, பியர் போத்தல் மூடி போட்டிருக்கும், லேசான நுரையும் துளி இனிப்பும் மிளகாய்த்தூளுக்கு நல்லாப் பொருந்தும். திறக்க முதல் ரெண்டு மூண்டு மணித்தியாலம் ஃபிரிட்ஜில நல்லாக் குளிர வையுங்கோ, கைகழுவுற தொட்டிக்கு மேல பிடிச்சுத் திறவுங்கோ. சூடா இருக்கேக்க திறந்தால் அரைவாசி முகட்டிலதான் இருக்கும்.

சும்மா_எட்டிப்பாத்தேன்

பெர்லின் அட்ரஸ் அனுப்புங்க பாண்டி அண்ணே, நண்டுக்காகக் கேக்குறேன்.